வெயிலும் தோலின் இரத்த ஓட்டமும்

காய்ச்சல் இல்லாத ஒருவரின் உடல் உள்வெப்பநிலை சித்திரை வெயிலிலும் மார்கழிக் குளிரிலும் ஏறத்தாழ 37° செ. அளவிலேயே நிற்கிறது. வெளியே வெப்பம் ஏறினாலும் உள்ளே அது ஏறாமல் இருப்பது எப்படி? "வியர்வையால்" என்று உடனே விடை கூறுவீர்கள். அது பாதி விடைதான். தசைகளிலும் கல்லீரல் முதலிய உறுப்புகளிலும் உண்டாகும் வெப்பம் முதலில் தோலுக்கு வந்து சேரவேண்டும் அல்லவா? அதைச் சுமந்து வருவது இரத்தம்.

எவ்வளவு இரத்தம்?

நாம் ஓய்வாக இருக்கும்போது இதயம் நிமிடத்திற்குச் சுமார் 5 லிட்டர் இரத்தத்தை வெளியேற்றுகிறது. அதில் தோலுக்குச் செல்வது ஏறத்தாழ 300 மில்லி லிட்டர்தான். ஆனால் கடும் வெப்பத்தில் இது நிமிடத்திற்கு 6 முதல் 8 லிட்டர் வரை உயரக்கூடும்! இவ்வளவையும் ஈடுகட்ட இதயம் வேகமாகத் துடிக்கிறது. அதோடு குடலுக்கும் சிறுநீரகங்களுக்கும் செல்லும் இரத்தமும் குறைக்கப்படுகிறது.

எல்லாத் தோலும் ஒன்றல்ல

உள்ளங்கை, உள்ளங்கால், காது, மூக்கு, உதடு ஆகிய இடங்களில் நுண்தமனிகளையும் நுண்சிரைகளையும் நேரடியாக இணைக்கும் குறுக்குவழிக் குழாய்கள் உள்ளன. குளிரில், பரிவு நரம்புகளின் கட்டளையால் இவை இறுக மூடிக்கொள்கின்றன. வெப்பத்தில் அக்கட்டளை தளர்கிறது, குழாய்கள் திறந்துகொள்கின்றன.

முன்கை, மார்பு, முதுகு, தொடை ஆகிய இடங்களில் நிலைமை வேறு. அங்கே குழாய்களைச் சுருக்கும் நரம்புகளோடு விரிக்கும் நரம்புகளும் உண்டு. இதை 1938-ல் கிராண்ட், ஹாலிங் என்னும் இரு ஆய்வாளர்கள் காட்டினர். உடல் சூடேறிய ஒருவரின் முன்கைத் தோல் நரம்பை மருந்தால் மரத்துப்போகச் செய்தபோது, அங்கு விரிந்திருந்த குழாய்கள் மீண்டும் சுருங்கின. கட்டளை தளர்வதால் மட்டுமே குழாய்கள் விரிகின்றன என்றால், நரம்பு செயலிழந்த பின்னும் அவை விரிந்தே இருந்திருக்க வேண்டும். எனவே, "விரிந்துகொள்" என்ற கட்டளையும் நரம்பு வழியாகவே வருகிறது என்பது தெளிவாயிற்று.

கை சூடானால் கால் அறியும்

1932-ல் அமெரிக்காவில் கிப்பன், லாண்டிஸ் என்னும் மருத்துவர்கள் முன்கைகளை வெந்நீரில் வைக்கச் செய்தனர். சிறிது நேரத்தில் கால்களின் இரத்தக் குழாய்கள் விரிந்தன! கால்களை எவரும் சூடாக்கவில்லை. சூடான இரத்தம் கையிலிருந்து திரும்பி மூளைக்குச் சென்றது. அங்கே ஹைப்போதலாமஸ் என்னும் பகுதி வெப்ப உயர்வை உணர்ந்து, உடல் முழுவதற்கும் ஆணை பிறப்பித்தது. வெப்பக் கட்டுப்பாட்டின் தலைமை நிலையம் அதுவே.

ஆயினும் தோல் தானாகவும் செயல்படும். வெந்நீர் ஒத்தடம் கொடுத்த இடம் மட்டும் சிவப்பதைக் கண்டிருப்பீர்கள். அங்குள்ள உணர்வு நரம்புகளும், குழாய்ச் சுவரில் உண்டாகும் நைட்ரிக் ஆக்சைடும் அவ்விடத்துக் குழாய்களை விரியச் செய்கின்றன.

செய்து பாருங்கள்

ஒரு கையைக் குளிர்ந்த நீரிலும் மற்றொன்றை வெதுவெதுப்பான நீரிலும் மூன்று நிமிடம் வையுங்கள். பிறகு இரு கைகளிலும் ஒரு நகத்தை அழுத்திவிட்டு விடுங்கள். வெளுத்த நகம் மீண்டும் சிவக்க எந்தக் கையில் அதிக நேரமாகிறது? காரணத்தை நீங்களே கூறுங்கள்.

எல்லை எங்கே?

வெப்பம் சூடான பொருளிலிருந்து குளிர்ந்த பொருளுக்கே செல்லும். தோலின் வெப்பநிலை சுமார் 35° செ. எனக் கொள்வோம். காற்று அதைவிடச் சூடாக இருந்தால், தோலுக்கு வந்த வெப்பம் காற்றுக்குச் செல்லாது. காற்றின் வெப்பமே தோலுக்குள் வரும். அப்போது வியர்வை ஒன்றே துணை. ஒரு கிராம் வியர்வை ஆவியாகும்போது சுமார் 580 கலோரி வெப்பத்தை எடுத்துச் செல்கிறது. காற்றில் ஈரம் மிகுந்திருந்தால் வியர்வை ஆவியாகாமல் வழிந்தோடும், பயன் இராது.

வெயிலில் நெடுநேரம் அசையாமல் நிற்பவர் சில சமயம் மயங்கி விழுகிறார். விரிந்த தோல் குழாய்களிலும் கால்களிலும் இரத்தம் தேங்க, மூளைக்குச் செல்வது குறைவதே காரணம். அவரை நிழலில் படுக்கவைத்துக் கால்களைச் சற்று உயர்த்தினால் பெரும்பாலும் விரைவில் தெளிவார்.

ஆனால் உடல் நெருப்பாய்க் கொதித்து, பேச்சுக் குழறினாலோ நினைவு தவறினாலோ அது வெப்ப அதிர்ச்சியாக இருக்கலாம். உள்வெப்பநிலை 40° செ. தாண்டிய, உயிருக்கே ஆபத்தான நிலை அது. உடலெங்கும் குளிர்ந்த நீரை ஊற்றி விசிறிக்கொண்டே உடனே மருத்துவ உதவியை நாடவேண்டும். நினைவிழந்தவர் வாயில் நீர் புகட்டலாகாது.

இரத்தமும் வியர்வையும் சேர்ந்தே நம்மைக் காக்கின்றன. இரண்டுக்கும் மூலப்பொருள் நீர். வெயிலில் விளையாடும் நாட்களில், தாகம் எடுக்கும்வரை காத்திராமல் இடையிடையே தண்ணீர் குடியுங்கள்; நிழலில் ஓய்வெடுங்கள்.