நிறத்தை நம்பாதே

அன்புள்ள தம்பிக்கு,

ஜாம்பியாவின் புல்வெளியில் நீ எடுத்து அனுப்பிய படம் வந்து சேர்ந்தது. உயரமான புல்லுக்கு நடுவே ரத்தச் சிவப்பில் ஒரு சின்னப் பூ. ஸ்ட்ரைகா பேரினத்தைச் சேர்ந்தது போலத் தெரிகிறது. ஆனால், மேலிருந்து எடுத்த ஒரு படத்தை வைத்துக்கொண்டு எந்த ஸ்ட்ரைகா என்று சொல்ல முடியாது. அடையாளங்களைச் சொல்லித் தருகிறேன், நீயே கண்டுபிடி.

முதலில் பூவைப் பக்கவாட்டில் பார். ஸ்ட்ரைகாவின் அல்லிக்குழல் மெல்லியது. நேராக எழுந்து, முழங்கையை மடக்கியதுபோலச் சட்டென்று வளையும். இதன் நெருங்கிய உறவான புக்னெராவின் குழலில் அந்த மடிப்பு இருக்காது.

அடுத்து, குழலைச் சுற்றியிருக்கும் பச்சைப் புல்லிவட்டம். உருப்பெருக்கிக் கண்ணாடியை வைத்து, அதில் நீளவாக்கில் புடைத்து ஓடும் நரம்புகளை எண்ணு. ஐந்து இருந்து, பூவும் ஊதா கலந்த இளஞ்சிவப்பு என்றால் ஸ்ட்ரைகா ஹெர்மான்திகாவாக இருக்கலாம். சோளத்தையும் கம்பையும் நாசம் செய்வதில் ஆப்பிரிக்காவில் பேர்போன களை அது. பத்து அல்லது அதற்கு மேல் இருந்து, பூ சிவப்பு என்றால் ஏசியாட்டிகாவா, எலெகன்ஸா என்று பார்க்க வேண்டும். எலெகன்ஸின் பூ நன்றாகப் பெரியது. அது புல்வெளிச் செடி. ஏசியாட்டிகாவின் பூ சிறியது; அது மக்காச்சோள வயலுக்குள்ளும் புகுந்துவிடும். அதனால் படம் எடுக்கும்போது பூவின் பக்கத்தில் ஓர் அளவுகோலை வை.

நிறத்தை மட்டும் நம்பாதே. ஆப்பிரிக்காவில் பெரும்பாலும் சிவப்பாகப் பூக்கும் ஏசியாட்டிகா, இந்தியாவில் பல இடங்களில் வெள்ளையாகப் பூக்கிறது. நம் ஊர்க் கரும்புத் தோட்டத்தில் 'சுடுமல்லி' என்று விவசாயிகள் திட்டுகிறார்களே, அதுவும் ஸ்ட்ரைகாதான்.

இலை பச்சையாக இருப்பதால் இது தன் சோற்றைத் தானே சமைத்துக்கொள்கிறது என்று நினைத்துவிடாதே. கொஞ்சம் சமைக்கும், தண்ணீரையும் தாதுக்களையும் பக்கத்துப் புல்லின் வேரிலிருந்து உறிஞ்சிக்கொள்ளும். விதை 0.3 மில்லிமீட்டர்கூட இருக்காது. ஈரம் மட்டும் கிடைத்தால் அது முளைக்காது. அருகிலுள்ள வேர் கசியவிடும் வேதிப்பொருளும் வேண்டும். அப்படிப்பட்ட ஒரு பொருளான ஸ்ட்ரைகாலை 1966இல் பருத்தி வேரிலிருந்து பிரித்தெடுத்தார்கள். தோதான வேர் வரும்வரை விதை மண்ணுக்குள் பல ஆண்டுகள் காத்துக் கிடக்கும். எனவே ஒரு மழைக்காலத்தில் பூ தென்படவில்லை என்பதற்காகச் செடி அற்றுப்போய்விட்டது என்று எழுதிவிடாதே.

மக்காச்சோள வயலில் கண்டால், பூக்கும் முன்னரே பிடுங்குவது விவசாயியின் வேலை. புல்வெளியில் நீ பிடுங்காதே. ஓராண்டுச் செடிக்கு விதையை விட்டால் வேறு வழியில்லை. பக்கவாட்டில் பூ, கிட்டத்தில் புல்லிவட்டம், இலை, சுற்றியுள்ள புல் என நான்கு படம் எடு. தேதியையும் இடத்தையும் குறித்து அனுப்பு.

அன்புடன்,
அண்ணன்