பேரை மனப்பாடம் பண்ணாதீங்க, பிரிங்க! – அக்கா டிப்ஸ்

விலங்கியல் புத்தகத்துல வர்ற பேரைப் பார்த்தாலே தலை சுத்துதுன்னு சொல்ற பெரம்பலூர், அரியலூர் தங்கச்சி தம்பிங்களுக்குத்தான் இது.

ஆக்டோபஸை எடுத்துக்கோங்க. கிரேக்கத்துல ‘ஆக்டோ’ன்னா எட்டு, ‘பூஸ்’னா கால். எட்டுக்காலி, அவ்வளவுதான். இந்தக் ‘காலை’ விடாதீங்க. மத்த பேரெல்லாம் அது பின்னாடியே வரும். ‘கெஃபலே’ன்னா தலை, அதனால செஃபலோபோடு தலைக்காலி. நத்தை காஸ்ட்ரோபோடு, வயிற்றுக்காலி. பூச்சியும் நண்டும் ஆர்த்ரோபோடு, கணுக்காலி. பன்மைக்கு ‘ஆக்டோபை’ன்னு எழுதறது கிரேக்கச் சொல்லுக்கு லத்தீன் வால் ஒட்டுறது, ‘ஆக்டோபஸஸ்’னே எழுதுங்க.

நீட் எழுதறவங்க இதைக் குறிச்சுக்கோங்க. டெவில் ஃபிஷ்னு புத்தகத்துல போட்டிருக்கறது ஆக்டோபஸைத்தான். ஃபிஷ்னு இருக்கேன்னு மீன் பட்டியல்ல சேர்த்தா மார்க் போயிடும். நம்ம கடற்கரைக்காரங்க அதைப் பேய்க்கணவாய்னு சொல்வாங்க. ஓட்டுக்கணவாய் கட்டில்ஃபிஷ், ஊசிக்கணவாய் ஸ்க்விட். மூணும் தலைக்காலிதான், மூணுமே மீன் இல்ல.

கடலே இல்லாத ஊர்ல இதையெல்லாம் எங்க பார்க்கறதுன்னு கேக்காதீங்க. சுமார் 10 கோடி வருஷத்துக்கு முன்னாடி நம்ம ஊரே கடல்தான். சிமென்ட் கம்பெனிகள் வெட்டி எடுக்கற சுண்ணாம்புக்கல்லே அந்தக் கடல் போட்ட படிவு. ஆக்டோபஸோட சொந்தக்காரங்க அதுல கல்லாக் கிடக்காங்க. சுருள் ஓட்டோட இருக்கறது அம்மோனைட். ஆட்டுக்கொம்பு வச்ச அம்மோன் சாமி பேரு. காரை கிராமத்துக் களிமண்ல துப்பாக்கித் தோட்டா மாதிரி கிடைக்கறது பெலம்னைட். கிரேக்கத்துல ‘பெலம்னான்’னா எறி ஈட்டி. இந்த ஊர்க் கல்லுங்களை 1860-கள்லயே ஸ்டோலிச்கான்னு ஒரு அறிஞர் விவரிச்சு எழுதிட்டார். இதே மண்ல பிறந்த நமக்குத்தான் இன்னும் தெரியல! ஆக்டோபஸ் மட்டும் ஏன் கல்லாகலைன்னா, அதுக்கு ஓடு கிடையாது. மெத்துன்னு இருக்கற உடம்பு சீக்கிரம் அழுகிடும், படிமமாறது ரொம்ப அபூர்வம்.

லீவுல வாரணவாசி புதைபடிவ அருங்காட்சியகத்துக்குப் போங்க. ஒவ்வொரு பேரையும் பிரிச்சு நோட்டுல எழுதுங்க. காரைக்கும் போங்க, ஆனா கல்லை மட்டும் வீட்டுக்கு எடுத்துட்டு வராதீங்க. எந்த மண் அடுக்குல கிடந்துச்சுங்கறதை வச்சுத்தான் அதோட வயசைச் சொல்வாங்க. இடம் மாறினா அது வெறும் கல்லு.