அம்மாவின் சேலை, அப்பாவின் சட்டை: போர்வை தைக்கலாமா?

கேள்வி: கித்துல்கல பக்கத்துத் தோட்டமொன்றில் இருக்கிறேன். அப்பா றப்பர் மரத்தில் பால் வெட்டியவர். அவர் போய் மூன்று வருஷம். அம்மாவுக்கு இந்தப் புரட்டாசியோடு வருஷம் திரும்புகிறது. அம்மாவின் சேலைகள், அப்பாவின் சாரங்கள், பால் கறை பிடித்த வேலைச் சட்டைகள் எல்லாம் தகரப் பெட்டியில் அப்படியே கிடக்கின்றன. யாருக்கும் தூக்கிக் கொடுக்க மனம் வரவில்லை. நாங்கள் நாலு பிள்ளைகள். ஆளுக்கொரு போர்வை தைத்து இந்தத் தீபாவளிக்குக் கொடுக்க ஆசை. அண்ணன் கட்டாரில் இருக்கிறார். தங்கச்சிக்குப் பிள்ளை பிறந்து நாலு மாதம். தம்பிக்கு அவிசாவளை கார்மென்ட்ஸில் வேலை. வெட்டுத்துணி எவ்வளவு வேண்டுமானாலும் கொண்டுவந்து தருகிறேன் என்கிறான். அம்மா தவணைக்கு வாங்கிய கால்மெஷின் ஓடுகிற நிலையில் இருக்கிறது. சட்டை, கவுன் தைப்பேன். போர்வை தைத்துப் பழக்கமில்லை. பெட்டியைத் திறந்தால் பூசண வாசம் வேறு. செத்தவர்களின் துணியைப் பச்சைப் பிள்ளைக்குப் போர்த்தக் கூடாது என்று மாமி சொல்கிறார். நான் என்ன செய்ய?
– வாசகி, கித்துல்கல

பதில்: தங்கச்சி, நீங்கள் கடைசியாகக் கேட்டதற்கே முதலில் பதில் சொல்கிறேன். அது தீராமல் கத்தரிக்கோலை எடுக்க வேண்டாம்.

போனவர்களின் துணிமணியை வீட்டில் வைக்காமல் கொடுத்துவிடுவது நம் ஆட்களில் பல குடும்பங்களின் வழக்கம். பாட்டியின் பழஞ்சேலையில் ஏணை கட்டிப் பேரப்பிள்ளையைத் தூங்கவைப்பதும் அதே குடும்பங்களின் வழக்கம்தான். உங்கள் மாமி முதலாவதைப் பிடித்துக்கொண்டிருக்கிறார். அவரோடு வாதாட வேண்டாம். பிள்ளையைப் பெற்றவள் உங்கள் தங்கச்சி, அவளிடம் நேராகக் கேளுங்கள். அண்ணனிடமும் தம்பியிடமும் அப்படியே கேளுங்கள். அம்மாவின் வருஷத் திதி முடியட்டும், அதுவரை துவைத்துப் பிரித்து வைக்கும் வேலையை மட்டும் பாருங்கள். யாராவது வேண்டாம் என்றால் அவருக்குப் புதுத்துணியில் தைத்துக் கொடுங்கள். சொல்லாமல் உள்ளே ஒரு துண்டை வைத்துத் தைத்துவிடலாம் என்ற எண்ணம் வரும். அதைச் செய்யாதீர்கள். வாங்குகிறவர் தெரிந்து, சம்மதித்து வாங்க வேண்டிய பொருள் இது.

நீங்கள் நினைப்பது புதிதும் அல்ல, தவறும் அல்ல. அமெரிக்காவில் அலபாமா மாநிலத்தில் ஜீஸ் பெண்ட் என்று ஒரு ஊர். பருத்தித் தோட்டத்தில் அடிமைகளாக இருந்தவர்களின் சந்ததியார் வாழும் இடம். அங்கே மிசௌரி பெட்வே என்ற பெண், கணவர் இறந்த பிறகு 1942இல் அவருடைய வேலை உடுப்புகளைப் பிரித்து ஒரு போர்வை தைத்தார். அவருடைய காற்சட்டையும் சட்டையும் அதில் துண்டுகளாயின. அந்த ஊர்ப் பெண்களின் போர்வைகள் 2002இல் ஹூஸ்டன் நகர அருங்காட்சியகத்திலும் நியூயோர்க்கிலும் காட்சிக்கு வைக்கப்பட்டன. 2006இல் அமெரிக்கத் தபால் முத்திரையிலும் வந்தன. அது பிந்திய கதை. மிசௌரி தைத்தது தான் போர்த்திக்கொள்ள.

தோட்டத்தில் பிறந்த நமக்கு இதில் இன்னொரு கணக்கும் இருக்கிறது. கோப்பிக் காலத்தில் நம் முன்னோர் கடல் கடந்து வந்து சேர்ந்தபோது அவர்களுக்குக் கிடைத்த போர்வை, தோட்டம் கொடுத்த கம்பளி. மலைக்குளிருக்கு அதைப் போர்த்தினார்கள், மழைக்குக் கொங்காணியாக மடித்துத் தலையில் போட்டார்கள். அதன் விலை அவர்கள் பேரில் பற்றாக எழுதப்பட்டுச் சம்பளத்தில் கழிந்தது. பற்றுக் கணக்கில் ஏறாத ஒரு போர்வையைத் தோட்டத்துப் பெண்ணொருத்தி தன் கூடப்பிறந்தவர்களுக்குத் தைத்துக் கொடுப்பதை நான் பெரிய காரியமாக நினைக்கிறேன். அதனால்தான் இவ்வளவு விரிவாக எழுதுகிறேன்.

தீபாவளி வேண்டாம், தைப்பொங்கலுக்கு வையுங்கள். வருஷத்துக்கு 3000 மில்லிமீட்டருக்கு மேல் மழை பெய்கிற ஊர் உங்களுடையது. வைகாசியில் பிடிக்கும் தென்மேற்கு மழை புரட்டாசி வரை இழுக்கும். ஐப்பசியில் பிற்பகல் தோறும் இடியோடு கொட்டும். தைத்து முடித்த போர்வையை ஒரு தடவை துவைத்து, உள்மடிப்பு வரை காயவைத்துத்தான் கொடுக்க வேண்டும். அதற்கு வெயில் வேண்டும். மார்கழிக் கடைசியில்தான் உங்கள் பக்கம் வானம் கொஞ்சம் வெளுக்கும்.

இப்போது பெட்டிக்கு வருவோம். துணிகளை வெளியே எடுத்து, வாசலில் வைத்து உதறுங்கள். வீட்டுக்குள் உதறினால் பூசணத் தூள் மற்றத் துணிகளில் போய் உட்காரும். சவர்க்காரத்தில் துவைத்து, வெயில் கிடைக்கிற நாட்களில் இரண்டு மூன்று தடவை போட்டால் வாசம் போய்விடும். கறுப்புப் புள்ளிகள் முழுதாகப் போகாது. அவற்றைப் போக்க வெளுக்கும் மருந்து போட்டால் பழைய நூல் செத்துவிடும். புள்ளி இருக்கிற இடத்தை வெட்டும்போது ஒதுக்கினால் போதும்.

பிறகு தரம் பிரியுங்கள். ஒவ்வொரு சேலையின் ஓரத்திலிருந்தும் ஒரு நூலை உருவி நெருப்பில் காட்டுங்கள். கடதாசி எரிகிற வாசத்தோடு எரிந்து மெல்லிய சாம்பலானால் அது பருத்தி. உருகிச் சின்ன முத்தாக இறுகினால் நைலெக்ஸ் அல்லது பொலியெஸ்டர். இரண்டையும் ஒரே போர்வையில் சேர்க்காதீர்கள். ஒன்று சுருங்கும், மற்றது சுருங்காது, இரண்டாம் துவையலில் போர்வை கோணிக்கொள்ளும். நைலெக்ஸ் சேலைகளை மெத்தை உறைக்கும் கைப்பைக்கும் வைத்துக்கொள்ளுங்கள்.

பருத்திச் சேலையை வெளிச்சத்துக்கு எதிரே பிடித்துப் பாருங்கள். முந்தானையும் முழங்கால் படுகிற இடமும் இழை விட்டுத் தெரியும். இடுப்பில் உள்ளே சொருகுகிற முனை வாங்கிய நாளின் நிறத்தோடு இருக்கும். இரண்டு பெருவிரல்களால் பிடித்து மெதுவாக இழுங்கள். ‘சர்ர்’ என்று முனகினால் அந்தப் பகுதி நடு அடுக்குக்கு மட்டுமே ஆகும். உறுதியான பகுதிதான் மேலே வர வேண்டும்.

அண்ணனுக்கும் உங்களுக்கும் உரிய போர்வைகளை வெட்டாமலே தைக்கலாம். சேலை 6 யார், அதாவது 216 அங்குலம். அகலம் ஏறக்குறைய 45 அங்குலம். மூன்றாக மடித்தால் 72 அங்குல நீளத்தில் மூன்று அடுக்கு வந்துவிடும். ஒரு ஆள் போர்த்த அது போதும். உள்ளே பஞ்சு வைக்காதீர்கள். கித்துல்கல ஈரத்தில் பஞ்சு காயவே காயாது, அதிலிருந்துதான் பூசணம் கிளம்பும். வங்காளத்துக் காந்தாப் போர்வைகளும் பழஞ்சேலை அடுக்குகளை நூலால் கோத்துப் பிடித்தவைதான். கட்டாரில் அண்ணன் ஏசி அறையில் படுப்பவரானால் இந்த மெல்லிய போர்வை அவருக்குக் கம்பளியைவிட உதவும். பாரமும் அரைக் கிலோ அளவுதான், ஊருக்கு வந்து போகிற யாரிடமும் கொடுத்துவிடலாம்.

தரையில் விரித்து, நடுவிலிருந்து வெளியே தடவிச் சுருக்கம் நீக்குங்கள். ஆறு அங்குலத்துக்கு ஒரு வரி, இரண்டு அங்குல நீளத் தையலாகத் தற்காலிக நூல் ஓட்டுங்கள். பிறகு நூலோட்டம் போடுங்கள். ஊசி மேலும் கீழும் நேராகப் போய்வருகிற அந்தச் சாதாரணத் தையல்தான், ஒவ்வொன்றும் நெல்மணி நீளம். வரிக்கு வரி ஒன்றரை அங்குல இடைவெளி விடுங்கள். எம்பிராய்டரி நூலில் இருக்கும் ஆறு இழைகளில் இரண்டை மட்டும் பிரித்துக் கோத்துக்கொள்ளுங்கள். நடுவில் தொடங்கி வெளியே போனால்தான் சுருக்கம் உள்ளே மாட்டாது. இந்த வரிகளை மெஷினில் ஓட்டலாமே என்று தோன்றும். வழுக்குகிற மூன்று அடுக்கு வாயில் சேலையை மெஷின் பாதம் முன்னுக்குத் தள்ளிக்கொண்டே போகும், கடைசியில் ஒரு பக்கம் கோணும். ஓரம் மடித்து அடிக்கவும் துண்டுகளைச் சேர்க்கவும் மெஷினை வைத்துக்கொள்ளுங்கள். 14ஆம் நம்பர் ஊசி போட்டு, தையல் நீளத்தைக் கூட்டிவையுங்கள். மெஷினுக்குத் தேங்காயெண்ணெய் விடுகிற பழக்கம் உங்கள் வீட்டில் இருந்தால் இன்றோடு நிறுத்துங்கள், அது உள்ளே பிசினாக இறுகிவிடும். மெஷின் எண்ணெய் ஒரு சின்னப் போத்தல் வருஷக்கணக்கில் வரும்.

தங்கச்சி சம்மதித்தால் பிள்ளைக்கு அம்மாவின் மெதுவான வாயில் சேலையில் 36 அங்குலச் சதுரமாக இரண்டு அடுக்கில் தையுங்கள். பொத்தான், பாசி, ஜிகினா எதுவும் வேண்டாம். ஒரு வயது முடியும் வரை தூங்கும் பிள்ளைக்கு அதைப் போர்த்தக் கூடாது. முகத்தில் ஏறி மூச்சை அடைக்கும். விழித்திருக்கும்போது கீழே விரிக்கலாம், மடியில் வைக்கும்போது சுற்றலாம். இதைத் தங்கச்சியிடம் வாயால் சொல்லிக் கொடுங்கள். அந்துருண்டையும் பிள்ளையின் துணிப் பக்கம் போகக் கூடாது.

இனி அப்பாவின் சட்டைகள். எனக்கு மிகவும் பிடித்த பகுதி இதுதான். காய்ந்த றப்பர் பால் எந்தச் சவர்க்காரத்துக்கும் போகாது. அதைச் சுரண்டி எடுக்கப் பார்க்காதீர்கள், துணியும் சேர்ந்து கிழியும். சூடான ஸ்திரிக்கைப் பெட்டியை அதன்மேல் வைத்தால் பிசுபிசுத்து ஒட்டும். கறை உள்ள இடத்தில் ஊசி இறங்க மறுக்கும், மெஷினில் தையல் விட்டுப்போகும். ஆகவே கறையைச் சுற்றித் தையுங்கள், ஊடாக வேண்டாம். மடித்து வைக்கும்போது கறையும் கறையும் முகம் பார்த்தால் ஒன்றோடொன்று பிடித்துக்கொள்ளும், கொஞ்சம் பவுடர் தூவி, இடையில் ஒரு துணி வையுங்கள். அந்தக் கறை இருக்கட்டும் என்றே சொல்வேன். விடியலில் மரத்தடிக்குப் போன மனிதரின் கையெழுத்து அது.

சட்டைகளைத் தையல் வழியே பிளேட்டால் பிரியுங்கள். முதுகுத் துண்டுதான் பெரியதும் உறுதியானதும். காலரை விட்டுவிடுங்கள். முன்பக்கச் சட்டைப்பையைப் பிரிக்காமல் அப்படியே ஒரு துண்டாக வெட்டிச் சேருங்கள். அடித்துணிக்கு அப்பாவின் சாரங்களைப் பிரித்து இணைத்துப் போடுங்கள். சாரத்துக் கட்டங்களில் ஒரு வசதி உண்டு, போர்வையைத் திருப்பி வைத்துக்கொண்டு கட்டத்தின் கோட்டைப் பிடித்தபடியே நூலோட்டம் போடலாம், கோடு கிழிக்கத் தேவையில்லை.

லயத்து அறையில் இவ்வளவு துண்டுகளையும் தரையில் பரப்ப இடம் இருக்காது என்பது எனக்குத் தெரியும். கர்நாடகத்தில் உத்தர கன்னடக் காட்டுப் பகுதியில் வாழும் சித்திப் பெண்கள், ஆப்பிரிக்காவிலிருந்து வந்தவர்களின் வழியினர், அதற்கு ஒரு வழி வைத்திருக்கிறார்கள். அவர்களுடைய கவாந்திப் போர்வையில் துண்டுகளை முன்கூட்டி இணைப்பதில்லை. அடித்துணியை மடியில் போட்டு, ஒரு மூலையில் தொடங்கி, துண்டின் ஓரத்தை உள்ளே மடித்து நேராக அடித்துணியோடு சேர்த்துத் தைத்துக்கொண்டே ஓரம் சுற்றி வருவார்கள். அப்படிச் சுற்றிச் சுற்றி நடுவில் வந்து முடியும். மூலைகளில் முக்கோணமாக மடித்த துணி வைப்பார்கள், அதைப் பூ என்பார்கள், பூ இல்லாத போர்வை அவர்களுக்கு முடிந்த போர்வை ஆகாது. இஸ்தோப்பில் உட்கார்ந்தே முழுப் போர்வையையும் இந்த முறையில் தைத்துவிடலாம், அளவு பிசகினாலும் அடுத்த துண்டில் சரிக்கட்டலாம். சட்டைத் துண்டுகளுக்கு இதுவே பொருத்தம். சட்டைகளில் இந்தப் போர்வை ஒன்றே போதும், அவற்றை நாலாகப் பிரிக்காதீர்கள். நாலு பேரும் வந்து தங்குகிற வீட்டில் அது இருக்கட்டும்.

தம்பி தரும் வெட்டுத்துணியைப் பற்றி: முதலில் அது கழிவாக அனுமதியோடு வெளியே வருகிறதா என்று கேட்டுக்கொள்ளுங்கள். டீசேட் துணி இழுபடும், அதை நெய்த துணியோடு இணைத்தால் சுருங்கி நிற்கும். அதைப் பட்டையாகக் கிழித்துக் கால்துடைப்பான் பின்னலாம். சட்டைத்துணி வகையில் பருத்தியாகப் பொறுக்கி எடுத்தால் சேலைப் போர்வைக்குக் கரை கட்டலாம், தம்பி அம்மாவின் துணி வேண்டாம் என்றால் அவனுக்கு முழுப் போர்வையே தைக்கலாம். மிச்சத் துண்டுகளை ஆறேழு அடுக்காக வைத்துத் தைத்தால் அடுப்பிலிருந்து சட்டி இறக்கும் பிடிதுணி கிடைக்கும், அயல் வீடுகளுக்குக் கொடுக்க நல்ல சாமான். அதிலும் பருத்தி மட்டும். பொலியெஸ்டர் சூட்டில் உருகிக் கையில் ஒட்டிவிடும்.

தொய்கிற வாயிலை வெட்டக் கஷ்டமாக இருந்தால் மெல்லிய கஞ்சி போட்டுக் காயவைத்து வெட்டுங்கள். தைத்து முடித்ததும் கஞ்சி முழுவதும் போகும்படி அலசிவிடுங்கள். கஞ்சி நின்றால் பூசணத்துக்கும் பூச்சிக்கும் தீனி. கொடுத்த பிறகு பொலித்தீன் பையில் கட்டி வைக்க வேண்டாம் என்று எல்லோரிடமும் சொல்லுங்கள். தினமும் போர்த்தட்டும், கிழிந்தால் ஒட்டுப் போடட்டும்.

ஒவ்வொரு போர்வையின் பின்மூலையிலும் அம்மாவின் பெயரையோ அப்பாவின் பெயரையோ வருஷத்தோடு நூலில் எழுதுங்கள். பிள்ளையின் போர்வையை முதலில் முடியுங்கள், அது சிறியது, கை பழகும். சட்டைப் போர்வையைக் கடைசிக்கு வையுங்கள். சாரத்துணி இணைக்கும்போது மெஷின் தையல் விட்டால் 16ஆம் நம்பர் ஊசி மாற்றிப் பாருங்கள். அதற்கும் சரிவராவிட்டால் எத்தனை அடுக்கு, என்ன நூல் என்று எழுதியனுப்புங்கள், பார்த்துச் சொல்கிறேன்.