குப்பியில் அடங்கிய மனிதப் புரதம்

ஆய்வுக்கூடத்துக் குளிர்பெட்டியில் ஒரு சிறு குப்பி இருக்கிறது. ‘மனித ஸ்நாப்-25, மீள்சேர்க்கைப் புரதம், ஈ. கோலையில் ஆக்கப்பட்டது’ என்பது அதன் மேலுள்ள குறிப்பு. மனிதப் புரதம் பாக்டீரியாவில் உண்டாவது எங்ஙனம்? அது உடலிலுள்ள புரதத்தை முற்றும் ஒத்ததுதானா? இவ்விரு வினாக்களுக்கும் விடை காண்போம்.

முதலில் அப்புரதத்தின் தொழிலை அறிதல் வேண்டும். நாம் எழுதக் கையை அசைக்கும்போது, நரம்பு முனையிலிருந்து அசிட்டைல்கோலின் என்னும் பொருள் வெளிப்பட்டுத் தசையை இயக்குகிறது. இப்பொருள் நரம்பணுவினுள் நுண்பைகளில் அடைபட்டிருக்கிறது. பையின் சவ்வும் அணுவின் புறச்சவ்வும் ஒன்றாக இணைந்தாலன்றி அது வெளியேற இயலாது. இணைப்பு வேலையைச் செய்பவை மூன்று புரதங்கள். பையிலுள்ள சினாப்டோபிரெவின் ஒரு புரியும், புறச்சவ்விலுள்ள சின்டாக்சின் ஒரு புரியும், ஸ்நாப்-25 இரண்டு புரிகளும் தருகின்றன. நான்கு புரிகளும் கயிறுபோல் முறுக்கேறும்போது இரு சவ்வுகளும் நெருங்கி இணைகின்றன. நுண்பைப் போக்குவரத்தை விளக்கியமைக்காக ராத்மன், ஷெக்மன், சூடாஃப் ஆகிய மூவரும் 2013-இல் நோபெல் பரிசு பெற்றனர்.

ஸ்நாப்-25-இல் உள்ள அமினோ அமிலங்கள் 206. கெட்டுப்போன உணவில் சில வேளை தோன்றும் பாட்டுலினம் நஞ்சின் ‘ஏ’ வகை, 197-ஆவது அமிலத்தை அடுத்து இச்சங்கிலியை வெட்டுகிறது. இழப்பது கடைசி 9 அமிலங்களே. ஆயினும் அசிட்டைல்கோலின் வெளிப்பாடு தடைப்பட்டுத் தசைகள் செயலிழக்கின்றன. மூச்சுத் தசைகளும் ஓய்ந்தால் உயிருக்கே கேடு.

இனி, ஆக்கும் முறை. ஜீன்களின் குறிமுறை மனிதனுக்கும் பாக்டீரியாவுக்கும் பொதுவானது. எனவே ஸ்நாப்-25-க்குரிய செய்தியை ஒரு வட்ட டி.என்.ஏ.வில் இணைத்து ஈ. கோலையினுள் புகுத்தினால், அதுவும் அதே அமில வரிசையைக் கோக்கிறது. புரதத்தின் முனையில் ஆறு ஹிஸ்டிடின்களைச் சேர்த்துவிடுவது வழக்கம். அவை நிக்கலைப் பற்றிக்கொள்வதால், மற்றப் புரதங்களினின்று இதனைப் பிரித்தெடுப்பது எளிதாகிறது.

ஆனால் வரிசை ஒன்றாயிருப்பதனால் மட்டும் எல்லாம் ஒன்றாகிவிடாது. நரம்பணுவில் ஸ்நாப்-25-இன் நடுப்பகுதியிலுள்ள சிஸ்டீன்களில் பால்மிடிக் என்னும் கொழுப்பு அமிலம் ஒட்டப்படுகிறது. அதுவே புரதத்தைச் சவ்வில் நிறுத்தும் நங்கூரம். பாக்டீரியா இவ்வேலையைச் செய்வதில்லை.

எனில் குப்பிப் புரதம் பயனற்றதா? அன்று. நஞ்சு அதனைச் சோதனைக்குழாயிலும் வெட்டும். வெட்டுண்ட அளவைக் கொண்டு, எலிகளைக் கொல்லாமலே நஞ்சின் வெட்டும் ஆற்றலை அளக்கலாம். ஆயினும் அந்நஞ்சு நரம்பணுவினுள் நுழையும் திறனுடையதா என்பதை இச்சோதனை காட்டாது. நுழைய இயலாத நஞ்சும் குழாயில் வெட்டக்கூடும். அதை மறந்து முடிவு கூறுவோமாயின், பிழை குப்பியினுடையதன்று, நம்முடையதே.

ஆகவே நண்பர்களே, குப்பியை எடுக்குமுன் அதன் மேலுள்ள மூன்று செய்திகளையும் படியுங்கள்: எவ்வுயிரின் வரிசை, எவ்வுயிரில் ஆக்கம், எது சேர்ந்தது அல்லது விடுபட்டது. நம் சோதனை எவ்வினாவுக்கு விடை தரும், எதற்குத் தராது என்பது அப்போதே விளங்கிவிடும்.