காய்ச்சல் தணிந்தபின் மூச்சு முட்டுவதேன்?

"சுவாமி, ஒரு கிழமை காய்ச்சலில் கிடந்து எழும்பி இருந்தவர். சுகம் என்று நினைத்துக் கொத்தமல்லித் தண்ணீர் கொடுப்பதை நிறுத்திவிட்டேன். அதனாலா மூச்சு முட்டினது?"

2021இல் கணவரைக் கொரோனாவுக்குப் பறிகொடுத்த தாயொருவர், மாளிகாவத்தை மாடி வீட்டில் என்னிடம் கேட்ட கேள்வி இது.

இதற்கு விடை தேடியவர்களுள் நம் நாட்டவர் ஒருவரும் உளர். கண்டி புனித அந்தோனியார் கல்லூரியிலும் பேராதனையிலும் பயின்ற பேராசிரியர் மலிக் பீரிஸ், 2003இல் ஹொங்கொங்கில் சார்ஸ் நோயை விளைவித்த கொரோனா வைரசைப் பிரித்தெடுத்த குழுவின் தலைவர். அவ்வாண்டு அமோய் கார்டன்ஸ் என்னும் அடுக்குமாடிக் குடியிருப்பில் 300க்கும் மேற்பட்டோரை அந்நோய் பீடித்தது. (மாடி வீடுகளில் வாழ்வோருக்கு இதை விளக்கத் தேவையில்லை.) அங்கிருந்து வந்த 75 நோயாளரை அவரது குழு மூன்று வாரம் கவனித்தது. வைரசின் அளவு 10ஆம் நாளளவில் உச்சத்தை அடைந்து, 15ஆம் நாளில் நன்கு குறைந்தது. ஆயினும் இரண்டாம் வாரத்திலேதான் பலரின் நுரையீரல் மோசமடைந்தது. ஆகவே கேடு விளைப்பது வைரசு மாத்திரமல்ல, உடலின் எதிர்ப்பும் கூட இருக்கலாம் என அவர்கள் கருதினர்.

2019இல் தோன்றிய வைரசு அதற்கு நெருங்கிய உறவு. அது தன் முட்புரதத்தால் நமது கலத்தைப் பற்றி உள்ளே நுழைகிறது. கலம் உடனே இன்ரபெரோன் என்னும் பொருளைச் சுரந்து அயற்கலங்களை எச்சரிக்க வேண்டும். வைரசின் வேறு சில புரதங்கள் அதைத் தடுத்துவிடுகின்றன. நாயின் வாயைக் கட்டிவிட்டுத் திருடுவது போல. கட்டு அவிழும்போது நாய் வெறிகொண்டு வீட்டாரையும் கடிக்கிறது.

எப்படியெனில், வைரசின் மரபுப்பொருளைப் பொதிந்துள்ள புரதம், கிருமிகளை விழுங்கும் வெண்குருதிக் கலங்களில் அழற்சியைத் தொடக்கும் பொறியொன்றை முடுக்குவது 2021இல் ஆய்வுகூடத்தில் தெரியவந்தது. பழைய சார்ஸ் வைரசின் உறைப்புரதமோ கலத்தின் சவ்வுகளில் துவாரமிட்டு அதே பொறியை முடுக்குகிறது. அதிலிருந்து இன்ரலூக்கின்-1 வெளிப்படுகிறது; இன்ரலூக்கின்-6 போன்றவையும் பெருகுகின்றன. இவை அளவுடன் இருந்தால் காவல். மிதமிஞ்சினால் இரத்தக் குழாய்ச் சுவர் நெகிழ்ந்து நீர் கசிகிறது. நுரையீரலின் சிற்றறைகள் நிரம்புகின்றன. நுண்குழாய்களில் இரத்தம் உறைகிறது. பிறகு ஒட்சிசன் எங்ஙனம் புகும்?

டெக்ஸாமெதசோன் என்னும் பழைய, மலிவான மருந்து உதவியதும் இதனாலேயே. அது வைரசைக் கொல்வதில்லை, அழற்சியை அடக்குகிறது. 2020 ஜூனில் வெளியான பிரித்தானியப் பரிசோதனையில், செயற்கைச் சுவாசத்தில் இருந்தோரின் மரணம் மூன்றில் ஒரு பங்கும், ஒட்சிசன் மாத்திரம் பெற்றோரின் மரணம் ஐந்தில் ஒரு பங்கும் குறைந்தன. ஒட்சிசன் தேவைப்படாதவர்க்கோ நன்மையில்லை. வைத்தியரைக் கேளாமல் முதல் நாளே அதை வாங்கி விழுங்குவது, திருடன் உள்ளே நிற்கையில் நாம் நாயைக் கட்டுவதாகும்.

அந்தத் தாய்க்கு இதையெல்லாம் மெல்லமெல்லச் சொன்னேன். கணவரின் உடலுக்குள் அந்தப் பொறி அவர் எழும்பி உட்காருமுன்பே முடுக்கப்பட்டிருக்கலாம். கொத்தமல்லித் தண்ணீரை நிறுத்தியதால் நேர்ந்ததல்ல அது.