உறைபனிக் காலத்தில் மீனும் கீரையும்

நீலகிரியில் டிசம்பர் முதல் பிப்ரவரி வரை, வானம் தெளிந்த இரவுகளில் உறைபனி விழும். அப்படி ஒரு வாரம் கழிந்து, நன்றாக வெயிலடித்த ஒரு திங்கட்கிழமை காலையில் எங்கள் பள்ளித் தொட்டியில் ஏழு மீன்கள் செத்து மிதந்தன. "பனியில சாகாத மீனு வெயில் வந்தப்புறம் ஏன் சார் செத்துச்சு?" என்று எட்டாம் வகுப்பு மாணவி ஒருத்தி கேட்டாள். அன்று என்னிடம் விடை இல்லை.

எங்களுடையது சிறிய அமைப்புதான். பாலித்தீன் போர்த்திய பசுமைக்குடிலுக்குள் 1000 லிட்டர் தொட்டி, அதில் 40 மீன்கள். தொட்டி நீரை மோட்டார் மேலேற்றி, ஜல்லி நிரப்பிய மூன்று தட்டுகளில் விடும். தட்டில் செடிகள் வளரும். நீர் வடிந்து மீண்டும் தொட்டிக்கு வரும். இதைத்தான் அக்குவாபோனிக்ஸ் என்கிறோம். முதலில் ஜிலேபிக் கெண்டை விடலாம் என்றிருந்தோம். ஆனால் நீர் 10 டிகிரி செல்சியஸை நெருங்கினாலே அது தாங்காது. எனவே சாதாக் கெண்டையைத் தேர்ந்தெடுத்தோம். அது 1939-ல் இலங்கையிலிருந்து நீலகிரிக்குக் கொண்டுவரப்பட்டு இந்தக் குளிருக்குப் பழகிய மீன். ஆகவே குளிரால் சாகாது என்று நம்பியிருந்தோம். அந்த நம்பிக்கை தவறவில்லை. மீன்களைக் கொன்றது குளிர் அல்ல.

மாணவர்களின் பதிவேட்டை எடுத்துப் பார்த்தோம். அந்த வாரம் முழுவதும் நீரின் வெப்பநிலை 9 முதல் 12 டிகிரி. தீவனம் நாள்தோறும் 40 கிராம், காலை 9 மணிக்கு. வெள்ளிக்கிழமை மட்டும் 80 கிராம்; விடுமுறைக்கும் சேர்த்துப் போட்டிருக்கிறார்கள். பாசத்தில் செய்ததுதான். நேரமும் அளவும் குறித்து அட்டவணை எழுதி ஒட்டியவன் நான். அதில் வெப்பநிலைக்கு ஒரு கட்டம்கூட இல்லை.

மீன் வெளியேற்றும் அம்மோனியாவை ஜல்லியில் ஒட்டி வாழும் பாக்டீரியாக்கள் முதலில் நைட்ரைட்டாகவும் பிறகு நைட்ரேட்டாகவும் மாற்றுகின்றன. செடிகள் அந்த நைட்ரேட்டை எடுத்துக்கொள்கின்றன. பாடநூலில் அம்புக்குறி போட்டுக் காட்டும் நைட்ரஜன் சுழற்சியின் ஒரு பகுதிதான் இது. அந்த அம்புக்குறிக்கு வேகம் உண்டு என்பதை நாம் வகுப்பில் சொல்வதில்லை. இந்தப் பாக்டீரியாக்களுக்கு உகந்தது 25 முதல் 30 டிகிரி. 10 டிகிரிக்கு இறங்கும்போது அவற்றின் வேலை ஏறத்தாழ நான்கில் ஒரு பங்காகக் குறைந்துவிடும். மீன் உயிரோடு இருக்கும், செடி பச்சையாக இருக்கும், மோட்டார் ஓடும். கண்ணுக்குத் தெரியாத தொழிலாளிகள் மட்டும் கைகட்டி நிற்பார்கள்.

கணக்கு போட்டோம். 100 கிராம் தீவனம் ஏறத்தாழ 3 கிராம் அம்மோனியாவைத் தரும். 40 கிராமுக்கு 1.2 கிராம். 1000 லிட்டரில் அது லிட்டருக்கு 1.2 மில்லிகிராம். மாற்ற ஆளில்லாவிட்டால் ஐந்து நாளில் 6 மில்லிகிராம். உண்ணாமல் அடியில் கிடந்து அழுகிய தீவனமும் இதில் சேரும். சோதனைக் கரைசல் ஊற்றியதும் நீர் அடர் பச்சையானது.

அந்த மாணவியின் கேள்விக்கும் இங்கேதான் விடை. நீரிலுள்ள அம்மோனியாவில் ஒரு சிறு பகுதிதான் மீனுக்குக் கடும் நஞ்சு. பி.எச். 8 உள்ள நீரில், 10 டிகிரியில் அது 100-க்கு 2-க்கும் குறைவு. 25 டிகிரியில் 5-க்கும் மேல். குளிரில் சேர்ந்த அம்மோனியா, வெயில் ஏறி நீர் சூடானதும் நஞ்சாக வெளிப்பட்டது. பாக்டீரியாக்களோ அந்த வேகத்தில் விழித்துக்கொள்ளவில்லை. பனி வாரத்தைவிட அதை அடுத்து வரும் வெயில் நாள்களில்தான் தொட்டியைக் கூர்ந்து கவனிக்க வேண்டும் என்று அன்று தெரிந்துகொண்டோம்.

"ஹீட்டர் போடலாமே சார்" என்றான் ஒருவன். விடையைச் சொல்லாமல் ஒன்பதாம் வகுப்புக்கு அதையே கணக்காகக் கொடுத்தேன். ஒரு லிட்டர் நீரை ஒரு டிகிரி சூடாக்க 4.2 கிலோஜூல் தேவை. 1000 லிட்டரை 5 டிகிரி உயர்த்த 21,000 கிலோஜூல், அதாவது ஏறக்குறைய 6 யூனிட் மின்சாரம். 200 வாட் ஹீட்டர், வெப்பம் சிறிதும் வீணாகாவிட்டாலும், ஒரு நாளைக்கு மேல் ஓட வேண்டும். இரவு வந்தால் சேர்ந்த சூடும் போய்விடும். ஹீட்டர் யோசனை அத்தோடு முடிந்தது. தன் வெப்பஎண் பாடத்தை அவ்வளவு ஆர்வமாக நான் நடத்தியதே இல்லை.

சூடாக்குவதைவிட இருக்கும் சூட்டைக் காப்பது மலிவு. பசுமைக்குடில் பகலில் சூட்டைப் பிடிக்கும்; ஆனால் மெல்லிய பாலித்தீன் இரவில் அதை விட்டுவிடும். ஓர் அதிகாலையில் வெளியே 1 டிகிரி, உள்ளே 3 டிகிரிதான். தொட்டியைச் சுற்றித் தெர்மாகோல் பலகை கட்டி, மேலே காற்றுக்கு இடைவெளி விட்டு மூடினோம். நீர் அதிகமாகக் குளிர்வது அகலமான ஜல்லித் தட்டுகளில் என்பதைக் கண்டு, இரவில் மோட்டாரை மணிக்கு 10 நிமிடம் மட்டும் ஓட விட்டோம். முழுவதும் நிறுத்தக் கூடாது. ஜல்லியிலுள்ள பாக்டீரியாவுக்கும் ஆக்சிஜன் வேண்டும். தொட்டிக்குள் காற்றுக்குழாய் இரவு முழுவதும் ஓடியது. அமெரிக்காவின் மில்வாக்கி நகரில் வில் ஆலன் நடத்திய குரோயிங் பவர் பண்ணையில், கடுங்குளிரைச் சமாளிக்கப் பசுமைக்குடில்களை ஒட்டி மட்கும் எருவைக் குவித்து, அதன் சூட்டைப் பயன்படுத்தினார்கள். நாங்களும் ஒரு பக்கச் சுவரோரம் காய்கறிக் கழிவையும் சாணத்தையும் குவித்துப் பார்த்தோம். எங்கள் குவியல் சிறியது. பெரிய பயன் இல்லை. ஆனால் அதற்குள் தெர்மாமீட்டரைச் செருகிப் பார்ப்பது ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகளுக்குப் பிடித்த வேலையாகிவிட்டது.

செடியிலும் பாடம் இருந்தது. தக்காளி நாற்றின் இலையடி ஊதா நிறமாயிற்று. நோய் என்று நினைத்தோம். வேர் குளிர்ந்தால் பாஸ்பரஸை உறிஞ்சுவது குறையும். அதன் அடையாளம் அது. தக்காளியை எடுத்துவிட்டு லெட்யூஸ், பாலக், கொத்தமல்லி போட்டோம். மெதுவாக வளர்ந்தாலும் நின்றன.

அம்மோனியா ஏறிவிட்டால் தீவனத்தை உடனே நிறுத்தி, அடியில் கிடப்பதை உறிஞ்சி எடுத்து, மூன்றில் ஒரு பங்கு நீரை மாற்றுங்கள். குழாய் நீரை அப்படியே ஊற்றாதீர்கள். குளோரின் போக ஒரு நாள் திறந்து வைத்து, வெப்பநிலை தொட்டி நீரோடு ஒத்திருக்கிறதா என்று பார்த்த பிறகு சேர்க்க வேண்டும்.

இப்போது சுவரில் ஒட்டியிருக்கும் அட்டவணையை மாணவர்களே எழுதினார்கள். நீர் 20 டிகிரிக்கு மேல் என்றால் 40 கிராம். 15 முதல் 20 வரை அதில் பாதி. 10 முதல் 15 வரை, நண்பகலில் மட்டும், ஐந்து நிமிடத்தில் தின்று முடிக்கும் அளவு. 10-க்குக் கீழே ஒன்றும் இல்லை. கெண்டை பல நாள் பட்டினி தாங்கும். "பாவம் சார்" என்று இன்னும் சிலர் சொல்கிறார்கள். அவர்களிடம் பதிவேட்டின் அந்தப் பழைய பக்கத்தை எடுத்துக் காட்டும் பொறுப்பை, முதலில் கேள்வி கேட்ட மாணவியே ஏற்றுக்கொண்டிருக்கிறாள்.