சுங்கக் காவலும் கணிப்பொறியும்

சென்னையின் வடபகுதியில் கடலோரத்தில் விளங்கும் பழம்பதி திருவொற்றியூர். தியாகராசப் பெருமான் திருக்கோயிலும், கடற்கரையில் அமைந்த பட்டினத்தடிகளின் சமாதியும் அவ்வூர்க்குப் பெருமை தருவன. அடிகள் பிறந்தது காவிரிப்பூம்பட்டினம். துறவு பூணுமுன் அவர் கடல் வாணிகம் செய்த பெருவணிகர் என்பர்.

அப்பட்டினத்தின் துறைமுகச் சிறப்பைச் சங்க நூலாகிய பட்டினப்பாலை விரித்துரைக்கின்றது. கடலினின்று இறங்கிய பண்டங்களும், கப்பலேற வந்த பண்டங்களும் அங்கே மலைபோற் குவிந்து கிடந்தன. சோழன் ஏவலர் அவற்றைச் சோர்வின்றிக் காத்துச் சுங்கம் கொண்டனர். புலி முத்திரை பொறித்து வெளியே போக்கினர். திருவள்ளுவரும் அரசனுக்குரிய பொருள்களுள் ஒன்றாக உல்கு பொருளை வைத்தார். உல்கு என்பது சுங்கம்.

அன்று மூட்டைகளைக் காத்த பணி, இன்று இரும்புப் பெட்டகங்களைக் காக்கும் பணியாயிற்று. திருவொற்றியூர்க்குத் தெற்கே சென்னைத் துறைமுகம்; வடக்கே 2001ஆம் ஆண்டு முதல் இயங்கும் எண்ணூர்த் துறைமுகம். பின்னது இன்று காமராசர் துறைமுகம் எனப் பெயர் பெற்றுள்ளது. அதற்கும் அப்பால் காட்டுப்பள்ளித் துறைமுகம். 1983இல் சென்னைத் துறைமுகத்தில் பெட்டக முனையம் திறக்கப்பட்டது. அதன்பின், மக்கள் கன்டெய்னர் என வழங்கும் இருபதடி, நாற்பதடிப் பெட்டகங்கள் பெருகின. அவற்றைச் சுமந்த லாரிகள் எண்ணூர்ச் சாலையில் அணிவகுத்து நிற்றல் இவ்வூரார் நாளும் காணும் காட்சி.

பூட்டி முத்திரையிட்ட பெட்டகம் தன் உள்ளீட்டைப் பிறர்க்குக் காட்டாது. எல்லாவற்றையும் திறந்து பார்க்கப் புகுந்தால் துறைமுகம் திணறும்; மருந்தும் பொறிகளும் வழியிலேயே தங்கும்; ஆலைகள் வேலையின்றி நிற்கும். ஒன்றையும் திறவாது விட்டாலோ, போதைப்பொருளும் படைக்கலமும் நச்சுக் கழிவும் நாட்டினுள் நுழையும். இவ்விரு கேட்டினின்றும் தப்பும் வழி யாது? திறக்க வேண்டியது எது எனத் தேர்ந்து அறிவதே வழி.

இதற்குத் துணையாக வந்தது கணிப்பொறி. இந்தியச் சுங்கத்துறை 2005ஆம் ஆண்டு முதல் இடர் மேலாண்மை என்னும் முறையைக் கையாண்டு வருகின்றது. சரக்கை வரவழைப்போர், அதன் பெயர், எடை, விலை, வந்த நாடு ஆகியவற்றைக் கணிப்பொறி வழியே அறிவிப்பர். கணிப்பொறி அவ்வறிக்கையைப் பழைய பதிவுகளோடு ஒப்பிடும். பலர் நூறு ரூபாய்க்கு வாங்கும் பொருளை ஒருவர் பத்து ரூபாய் என எழுதினால் ஐயம் பிறக்கும். முன்பு பொய்க்கணக்குக் காட்டியவர் பெயர் வந்தாலும் ஐயம் பிறக்கும். ஐயத்திற்கு இடமில்லாத சரக்கு வரி செலுத்தி விரைந்து வெளியேறும். ஐயத்திற்கிடமானதன் பத்திரங்களை அதிகாரி ஆராய்வார். வேண்டின் பெட்டகத்தைத் திறந்தும் பார்ப்பார். ஊடுகதிர்க் கருவியால் திறவாமலே உள்ளே நோக்குதலும் உண்டு. விரைந்து சென்ற சரக்கின் கணக்கும் பின்னர்த் தணிக்கைக்கு உட்படும். ஆதலின் நேர்மையாளர்க்குக் காலம் மிஞ்சும். வஞ்சகர்க்கு அச்சம் மிஞ்சும்.

2020ஆம் ஆண்டு ஜூன் மாதம் சென்னையிலும் பெங்களூரிலும் வேறொரு முறை தொடங்கியது. அதன்படி, ஓரூரில் இறங்கிய சரக்கின் வரியை வேற்றூரில் இருக்கும் அதிகாரி கணிக்கலாம். வணிகரும் அதிகாரியும் ஒருவரையொருவர் காணார். எனவே முகம் பார்த்துச் சலுகை காட்டும் வாய்ப்புக் குறைந்தது.

எனினும் கருவி ஒன்றே காவலாகாது. திருவொற்றியூர்க்கு மேற்கே உள்ளது மணலி. 2015இல் சுங்கத்துறை கைப்பற்றிய ஏறத்தாழ 700 டன் அம்மோனியம் நைட்ரேட்டு, 37 பெட்டகங்களில் அவ்வூர்ச் சரக்கு நிலையத்தில் வைக்கப்பட்டது. ஆண்டுகள் பல கழிந்தும் அது அங்கேயே கிடந்தது. 2020 ஆகஸ்டு 4ஆம் நாள் லெபனான் நாட்டின் பெய்ரூத்துத் துறைமுகத்தில், நெடுங்காலம் கிடந்த 2,750 டன் அம்மோனியம் நைட்ரேட்டு வெடித்தது. இருநூற்றுக்கும் மேற்பட்டோர் மாண்டனர். அச்செய்தி கேட்டு மணலி மக்கள் நடுங்கினர். அம்மாதமே அப்பெட்டகங்கள் ஐதராபாத்துக்கு அனுப்பப்படலாயின. கண்டுபிடித்தல் காவலின் முதற்படியே; கண்டதை உரிய காலத்தில் முடித்து வைத்தலே அதன் நிறைவு என்பதை இந்நிகழ்ச்சி உணர்த்துகின்றது.

கணிப்பொறி தனக்குச் சொல்லப்பட்டதையே அறியும். புதிய சூழ்ச்சியை முதலில் உணர்வது மனிதரின் மதிநுட்பம். கையூட்டை மறுப்பது அவரது நெஞ்சின் உறுதி. அன்று புலி முத்திரைக்கு மதிப்புத் தந்தது அதனைப் பொறித்தவரின் நேர்மை. இன்று கணிப்பொறிக்கு மதிப்புத் தருவதும் அதுவே.

வினாக்கள்

1. காவிரிப்பூம்பட்டினத்தில் சுங்கப் பணி எவ்வாறு நடைபெற்றது?
2. எல்லாப் பெட்டகங்களையும் திறந்து பார்த்தல் ஏன் இயலாது?
3. மணலி நிகழ்ச்சி உணர்த்தும் உண்மை யாது?